கழகம் யாருடைய உடைமை?

கால்பந்தாட்டத்தை உயிரெனப் போற்றுவது வங்கநாடு. அதன் தலைநகராம் கொல்கத்தாவில் 1889-ஆம் ஆண்டு மோகன் பாகான் கழகம் தோன்றிற்று. 1911 ஜூலை 29-ஆம் நாள் அதன் ஆட்டக்காரர் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். கிழக்கு யார்க்ஷயர் படையினரை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர்.

அக்கழகம் தனியொருவர் உடைமை அன்று. நம் தமிழ்ச் சங்கங்களைப் போலவே உறுப்பினர் சந்தாவாலும், அவர்கள் தேர்ந்தெடுத்த செயற்குழுவாலும் வளர்ந்தது. 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்காலும் அவ்வாறே. ஆயின், ஆட்டம் தொழிலாக மாற மாறச் செலவு பெருகிற்று, சந்தா போதவில்லை. 1998-இல் மதுபான நிறுவனமொன்று இவ்விரு கழகங்களின் அணிகளிலும் பாதிப் பங்கு பெற்றது. பழம்பெயர்களின் முன்னே மதுவகைகளின் பெயர்கள் வந்தமர்ந்தன. 2020-இல் மோகன் பாகான் அணியின் 80 விழுக்காடு பங்கு வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 'ஏ.டி.கே.' என்னும் முன்னொட்டும் உடன் வந்தது. ரசிகர்கள் ஓயாது எதிர்த்தனர்; 2023-இல் அஃது அகன்றது. எனினும் 'சூப்பர் ஜயண்ட்' என்பது பெயரின் பின்னே ஒட்டிக்கொண்டது.

முழுவதும் நிறுவனத்தின் உடைமையாகிய அணியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1996-97-இல் முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. ஆலை அணி, 2011-இல் கலைக்கப்பட்டது. தடுத்துக் கேட்க உறுப்பினர் எவரும் இலர்.

பிற நாட்டினர் இதற்குக் கண்ட வழி யாது? ஜெர்மானியர் 1998-இல் நிறுவன முதலீட்டுக்கு வாயில் திறந்தபோதே, வாக்குரிமையிற் பாதிக்கு மேல் கழக உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும் என விதித்தனர். விலக்குகள் மிகச் சிலவே. இங்கிலாந்தோ பட்டபின் தெளிந்தது. 1885-இல் தோன்றிய பரி கழகம், உரிமையாளரின் பணமுடையால் 2019-இல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தனி ஒழுங்காணையம் ஒன்றை அமைத்தது. உரிமையாளரின் தகுதியை அது சோதிக்கும். சின்னத்தையோ சட்டையின் நிறத்தையோ மாற்ற, ரசிகர் பெரும்பான்மையின் ஆதரவு வேண்டும்.

நம் நாட்டிலும் சீர்திருத்தம் தொடங்கியுள்ளது. 1937-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியச் சம்மேளனத்தில், பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடவாமையால், 2022-இல் உச்சநீதிமன்றம் நிருவாகக் குழு அமைத்தது. அயலார் தலையீடெனக் கூறிய உலகச் சம்மேளனம், அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியாவைச் சில நாள் விலக்கியும் வைத்தது. 2025 செப்டம்பரில் புதிய அமைப்புவிதிகளுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அவற்றின்படி செயற்குழுவில் முன்னாள் ஆட்டக்காரர் ஐவர் இடம்பெறுவர்.

சம்மேளனம் திருந்தினால் மட்டும் போதாது என்பதே நம் கருத்து. பொருள் தருவோரை நாம் வெறுக்கவில்லை. பொருளின்றி அணி நடவாது. ஆயினும் பெயர், நிறம், சின்னம் ஆகிய மூன்றும் விலைக்குரியன அல்ல. அவற்றில் கைவைக்குமுன் உறுப்பினரைக் கேட்டாக வேண்டும் என விதி எழுதப்பெறல் வேண்டும். சந்தா செலுத்திச் சங்கம் வளர்க்கும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.