மூச்சுக்குழலும் ஊடுகதிரும்

உண்ணும்போது பேசினால் புரையேறும் என்பது தாய்மார் எல்லாரும் அறிந்ததே. பெரும்பாலும் அஃது இருமலோடு நின்றுவிடும். ஆனால் குழந்தை வாயிலிட்ட ஊசியோ கடலையோ குரல்வளையைக் கடந்து மூச்சுக் கிளைக்குழலில் தங்கிவிடுமாயின் உயிருக்கே கேடாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை, அப்பொருள் எங்கே கிடக்கின்றது என்று காண மருத்துவருக்கு வழியில்லை. கழுத்தில் மூச்சுக்குழலைக் கீறித் திறந்து, பொருள் தானே வெளிவருமா எனக் காத்திருந்தோரும் உண்டு.

1895ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர் ஊடுகதிரைக் கண்டறிந்தார். எக்ஸ்ரே என வழங்குவது இதுவே. 1897இல் அதே நாட்டின் பிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்பார், உழவர் ஒருவரின் மூச்சுக் கிளைக்குழலில் சிக்கிய எலும்புத் துண்டைக் குழற்கருவி செலுத்தி வாய்வழியே எடுத்தார். காணும் வழியும் எடுக்கும் வழியும் இவ்வாறு ஈராண்டு இடைவெளியில் பிறந்தன.

இவ்விரண்டையும் இணைத்துப் பெருங்கலையாக வளர்த்தவர் அமெரிக்க மருத்துவர் ஷெவாலியர் ஜாக்சன் (1865–1958). நோயாளிகள் விழுங்கியும் மூச்சோடு உள்ளிழுத்தும் சிக்கிய ஊசி, பொத்தான், நாணயம், விளையாட்டுப் பொருள் முதலிய 2,374 பொருள்கள் அவர் பெயரால் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

உலோகமும் எலும்பும் கதிரைத் தடுப்பதால் படத்தில் தெளிவாகத் தோன்றும். நிலக்கடலையோ தசையைப் போலவே கதிரை ஏற்பதால் தோன்றுவதில்லை. குழந்தைகளுக்கு மிகுதியாகப் புரையேறுவதும் கடலை, விதை போன்றவையே. அவ்வாறாயின் கண்டறிவது எங்ஙனம்? பொருளைக் காணவியலாத இடத்தில், அது காற்றுக்குச் செய்யும் இடையூற்றைக் காணலாம் என்பதே விடை.

மூச்சை இழுக்கும்போது கிளைக்குழல் சற்று விரிகின்றது. காற்று கடலையைக் கடந்து உட்செல்கின்றது. விடும்போது குழல் சுருங்குகின்றது. காற்று உள்ளேயே அடைபடுகின்றது. எனவே மூச்சை விட்ட நிலையில் எடுக்கும் படத்தில், அப்பக்க நுரையீரல் மட்டும் சுருங்காமல் கறுத்துத் தோன்றும். இதயம் மறுபக்கம் ஒதுங்கும். குழல் முற்றும் அடைபடின், உள்ளிருந்த காற்றை உடல் உறிஞ்சிவிடும், நுரையீரல் சுருங்கும், இதயம் அடைபட்ட பக்கமே சாயும். சொன்னபடி மூச்சை அடக்க அறியாத சிறு குழவியைப் பக்கவாட்டில் கிடத்திப் படமெடுப்பதும் உண்டு. கீழ்ப்பக்க நுரையீரல் இயல்பாகச் சுருங்கவேண்டும். சுருங்காவிடில் ஐயம் வலுப்படும்.

1971இல் இலண்டனில் முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்ட கணினி வெட்டுப்படம், எளிய படத்தில் மறைபவற்றையும் பின்னாளில் காட்டலாயிற்று. எனினும் அதன் கதிரளவு மிகுதியாதலால், குழந்தைகளுக்கு அதனை அளந்தே பயன்படுத்துவர்.

ஆயினும் ஓருண்மை மாறவில்லை. தொடக்கப் படம் குற்றமற்றுத் தோன்றினும் பொருள் உள்ளே இருத்தல் கூடும். முதல் இருமல் அடங்கியபின் சில நாள், சில வேளை பல வாரம், குழந்தை நலமாகவே விளையாடும். பின்னர் வரும் காய்ச்சலையும் இழுப்பையும் சளி நோயென்றோ ஆஸ்துமாவென்றோ கொள்ள நேரும். புரையேறியதைக் கண்டவர் தாயாயினும் ஆசிரியராயினும், நாள் கடந்துவிட்டதென்று கருதாமல் மருத்துவரிடம் அதனைச் சொல்லுதல் வேண்டும். படம் தெளிவாயிருந்தும், அவ்வொரு சொல்லை நம்பிக் குழற்கருவியால் மூச்சுக்குழலை நோக்கிப் பொருளை எடுப்பது இன்றும் மருத்துவர் கைக்கொள்ளும் முறையாகும்.