ராகு காலத்தில் மாலை மாற்றினோம்

1996இல் வீரபாண்டியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வர வேண்டுமென்று ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வைத்தோம்.

பத்திரிகையைப் பார்த்த பெரியம்மா பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். "ஏன் அம்மிணி, நாலரையிலிருந்து ஆறு ராகு காலமுன்னு தெரியாதா?" தெரியும். தெரிந்துதான் வைத்தோம். ஐயரில்லாத சுயமரியாதைக் கல்யாணம், தாலியும் கிடையாது என்றதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மாலையை அம்மாதான் எடுத்துக் கொடுப்பார் என்றபோது எழுந்தே போய்விட்டார். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா இறந்துபோனார். அதன்பிறகு துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை செய்து என்னை வளர்த்தவர் அம்மா. எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் கடைசி வரிசையைத் தாண்டி வந்ததில்லை.

ஐயர் இல்லாத கல்யாணம் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. கொங்கு வேளாளர் வீடுகளில் அருமைக்காரர் சீர் செய்வார், நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவார். ஆனால் அந்தச் சீரிலும் கணவனை இழந்தவளுக்கு இடமில்லை. ஆகவே ஐயர் வந்தாரா இல்லையா என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. யாரை முன்னால் நிறுத்துகிறோம், யாரைப் பின்னால் தள்ளுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியார் இந்த மாற்றத்தைத் தன் வீட்டிலிருந்தே தொடங்கினார். இளம் வயதில் கணவனை இழந்த தங்கை மகளுக்கு, உறவினர் எதிர்ப்பை மீறி 1909இல் மறுமணம் செய்துவைத்தார்.

1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஈரோட்டில் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த குருசாமியும் குஞ்சிதமும் சாதி கடந்து மணந்துகொண்டார்கள். அப்படி மணந்தவர்களுக்கு அன்று சட்டத்தின் துணை இல்லை. 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. சட்டத்தின் கணக்கில் மனைவி மனைவியில்லை. பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளானது. ஊர் ஏசியது, கோர்ட்டும் கைவிட்டது. அதன்பிறகும் சுயமரியாதைக்காரர்கள் நிறுத்தவில்லை. ஊர் ஊராக மேடை போட்டு, தலைவர்கள் பேச, மாலை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

1967இல் அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தார். உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலும், தங்களுக்குப் புரியும் மொழியில், கணவனாக, மனைவியாக ஏற்கிறோம் என்று இருவரும் சொல்லலாம். மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலியும் கட்டலாம், ஏதாவது ஒன்று போதும். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது சட்டம். 39 ஆண்டுகள் மக்கள் முன்னால் நடந்தார்கள், சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. கூட்டம் கூட்டி ஊரறியச் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டுக்குப் பயந்து ஓடிவரும் ஜோடிகளுக்கு அது உயிரைக் காக்கும் தீர்ப்பு.

எங்கள் கல்யாணத்தன்று மாலை ஐந்தே கால் மணிக்கு அம்மா மேடை ஏறினார். மாலையை எடுக்கும்போது கை நடுங்கியது. "நான் தொடலாமா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார். "நீங்க தொட்டாத்தான் எனக்குக் கல்யாணம்" என்றேன். பெரியம்மா வரவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் வீட்டுப் படி ஏறினார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ராகு காலம் எங்களை ஒன்றும் செய்துவிடவில்லை. அம்மா இப்போது இல்லை. உங்கள் வீட்டில் அடுத்து வரும் கல்யாணத்தில், கடைசி வரிசையில் ஒரு அம்மா ஒதுங்கி நிற்பார். கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வாருங்கள். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.