கொல்லிமலைக் குளிரில் தோல் வறண்டு அரிக்குதா? மாய்ஸ்ச்சரைசரை இப்படிப் போடுங்க!

லீவு கிடைச்சதும் பைக்கை எடுத்துக்கிட்டு கொல்லிமலைக்குக் கிளம்புற ஆளா நீங்க? மார்கழி, தை மாதங்களில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி செம்மேடு போய்ச் சேர்றதுக்குள்ள உதடு வெடிச்சு, கையைக் கீறினா வெள்ளைக் கோடு விழும். வெறும் வறட்சின்னா ஊர் திரும்பினதும் சரியாகிடும். ஆனா, எக்ஸிமா இருக்கிறவங்களுக்கு அரிப்பு, சொறிஞ்ச இடத்தில் புண், தூக்கமில்லாத இரவுன்னு அது நீளும். அவங்களுக்கு மாய்ஸ்ச்சரைசர் அழகு சாதனம் இல்லை, தினசரி சிகிச்சை.

ஏன் இப்படி ஆகுது?

நம்ம தோலின் மேல் அடுக்கில் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் ஈரத்தைப் பிடிச்சு வைக்குது. குளிர்க் காற்று, கொதிக்கிற வெந்நீர், நுரை பொங்கும் சோப் மூணும் சேர்ந்தா அது குறைஞ்சிடும். எக்ஸிமா உள்ள பலருக்கு இந்தத் தடுப்பு ஏற்கெனவே பலவீனமா இருக்கும். தோலுக்கு உறுதி தரும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு மாற்றத்துக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பு இருப்பது 2006-ல் கண்டறியப்பட்டது. அதனால, 'சுத்தமா இல்லாததால வந்தது'ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இது தொற்றும் நோயும் இல்லை.

எப்போ, எவ்வளவு?

வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் குளிச்சா போதும். துண்டால் தேய்க்காம ஒத்தி எடுங்க. தோலில் ஈரம் இருக்கும்போதே, சுமார் 3 நிமிடங்களுக்குள் க்ரீமை முடி வளரும் திசையில் தடவுங்க. ஆகாய கங்கையில் குளிச்சாலும் இதேதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி ரூமுக்கு வந்து போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. சின்ன டியூப் பையிலேயே இருக்கட்டும். படி ஏறின வியர்வையும் அரிப்பைக் கிளப்பும். அதனால மேலே வந்ததும் அலசி, மறுபடி தடவுங்க.

பலரும் கோட்டை விடுறது அளவில்தான். உடல் முழுக்க வறட்சி இருந்தா பெரியவங்களுக்கு வாரத்துக்கு 500 கிராம், குழந்தைக்கு 250 கிராம் வரைகூட தேவைப்படலாம். 50 கிராம் டியூப் மூணு மாசம் வருதுன்னா, நீங்க போடுறது பத்தலை.

எதை வாங்கலாம்?

வாசனை சேர்க்காததா பாருங்க. கிளிசரின் ஈரத்தை இழுக்கும். பெட்ரோலியம் ஜெல்லி அதை வெளியேறாம மூடும். செராமைடு தோலின் கொழுப்பை ஈடுகட்டும். யூரியா உள்ள க்ரீம் வெடிச்ச தோலில் எரியலாம். பகலுக்கு க்ரீம், இரவுக்குப் பிசுபிசுப்பான ஆயின்ட்மென்ட் சரியா வரும். புது க்ரீம்னா சில நாள் முன்கையில் மட்டும் போட்டுப் பாருங்க.

இதிலெல்லாம் உஷார்!

* 'மூலிகை'ன்னு சொன்னாலே பாதுகாப்புன்னு அர்த்தமில்லை. என்ன சேர்ந்திருக்குன்னு லேபிள் இல்லாத தைலத்தையோ, பச்சிலையையோ வெடிச்ச தோலில் போடாதீங்க.
* ரெண்டே நாளில் மாயமா குணமாக்கும் க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கலாம். டாக்டர் சொன்ன அளவு, நாள் வரைக்கும் ஸ்டீராய்டு நல்ல மருந்து. இஷ்டத்துக்குப் போட்டா தோல் மெலிஞ்சிடும்.
* பெட்ரோலியம் ஜெல்லி, பாரஃபின் ஊறின துணி சட்டுனு தீப்பிடிக்கும். க்ரீம் தடவிக்கிட்டு கேம்ப் ஃபயர் பக்கத்தில் உட்காராதீங்க. அந்தத் துணியைத் துவைச்சாலும் முழுசா போகாது.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

நீர் வடிஞ்சாலோ, மஞ்சள் பொருக்கு கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ க்ரீமை மட்டும் நம்பி இருக்காதீங்க. அது தொற்றா இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்க. அரிப்பு அடங்கின பிறகும் மாய்ஸ்ச்சரைசரை நிறுத்தாதீங்க. தோல் நல்லா இருக்கிற நாளிலும் விடாம போடுறதுதான், அடுத்த முறை எக்ஸிமா கிளம்பாம தள்ளிவைக்க உதவும்.