ஆளில்லாத வீட்டில் நாய்

திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுத்த கல். ஆயுதத்தோடு அவன் நிற்கிறான். கூடவே ஒரு நாயும் நிற்கிறது. நாய்க்கென்று தனியாகவும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம்.

இந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாயின் நன்றியைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கால்நடை மருத்துவராகக் காலம் தள்ளிய எனக்குக் கண்ணில் படுவது வேறு. பக்கத்தில் எஜமான், சுற்றிலும் எருமைகள், எதிரே கள்ளர்கள் என்று கோவிவனைச் சுற்றி ஒரே கூட்டம். செய்ய வேலையும் இருந்தது. காலை எட்டு மணிக்குப் பூட்டிய கதவு இரவு ஏழு மணிக்குத் திறக்கும்வரை ஒற்றையாகக் கிடந்த நாயை நம் சரித்திரத்தில் தேடிப் பாருங்கள். அது ரொம்பப் பிந்தித்தான் வருகிறது. என் தொழில் வாழ்க்கைக்குள்ளேயே, என் கண் முன்னாலேயே வந்தது என்று சொல்வேன்.

எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம். கரிசல் காடு; சிப்பிப்பாறை நாய்களின் தாய்வீடு. ஒட்டிய வயிறும் நீண்ட காலும் உள்ள அந்த நாய்கள் முயலுக்குப் பின்னால் ஓடினால் புழுதிதான் தெரியும். அதெல்லாம் வசதியுள்ள வீட்டு நாய்கள். தாத்தா வீட்டில் இருந்தது சாதாரண நாட்டு நாய். பெயர் மணி. தெருவில் பாதி நாய்களுக்கு அந்தப் பெயர்தான். காலையில் எங்கள் திண்ணை, மதியம் எதிர் வீட்டு வேப்பமரத்தடி, சாயங்காலம் களத்துமேடு. தாத்தா கோர்ட்டு வேலையாக மதுரைக்குப் போய் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டால் மணி அவரைத் தேடி அழுததாக யாரும் சொன்னதில்லை. பஸ் வரும் நேரத்துக்கு முக்குவரைக்கும் போய்ப் பார்க்கும். வரவில்லையென்றால் அடுத்த வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளும்.

கிடை போடுகிறவர்களின் நாயும் இப்படித்தான். ராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போவார்கள். நாயும் கூடவே நடக்கும். ராத்திரி ஆட்டோடு ஆடாகப் படுக்கும்; எந்தச் சத்தத்துக்கும் முதலில் எழுந்திருக்கும். ஆக, எஜமான் இல்லாத பொழுதை நம் நாய்கள் பழகியே இருந்தன. ஆளே இல்லாத பொழுதுதான் அவற்றுக்குத் தெரியாது. இந்த வேறுபாட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது பிடிபட ரொம்ப நாளாயிற்று.

வெள்ளைக்காரர்கள் நாயை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள், அதிலிருந்துதான் தொல்லை தொடங்கியது என்று சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்பமாட்டேன். துரை வீட்டு நாய்க்கு ஒரு நிமிஷம்கூடத் தனிமை வாய்த்ததில்லை. சமையலுக்கு ஓர் ஆள், குதிரைக்கு ஓர் ஆள் என்று வைத்தவர்கள் நாய்க்கும் ஒரு பையனை வைத்தார்கள். குளிப்பாட்டுவது, உண்ணி பொறுக்குவது, சாயங்காலம் உலாத்தக் கூட்டிப் போவது எல்லாம் அவன் வேலை. ஊட்டியில் குள்ளநரி வேட்டைக்காக வளர்த்த நாய்களோ பட்டியில் கூட்டமாகவே கிடந்தன.

நாயைத் தெருவிலிருந்து பிரித்து உள்ளே தள்ளியது பயம். வெறிநாய்க்கடிப் பயம். 1902-இல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்தார். அப்போது இந்தியாவில் அதற்கு வைத்தியம் இருந்தது வடகோடியில், கசௌலியில் மட்டும்தான். அந்தச் சாவுக்குப் பிறகு எழுந்த பேச்சின் விளைவாக 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடையும் அதில் சேர்ந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று எங்கள் தலைமுறையை நடுங்க வைத்த மருந்தும் அங்கே தயாரானதுதான். அந்தப் பழைய ஊசி கைவிடப்பட்டது 2004 வாக்கில். அதுவரை ஒவ்வொரு தாயும் தெருநாயைப் பார்த்தால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொள்வாள்.

பயத்தோடு சட்டமும் கைகோத்தது. மதராஸ் மாநகராட்சி 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கழுத்தில் லைசென்ஸ் வில்லை இல்லாத நாய் வண்டியில் ஏறும். வீட்டு நாயைக் காப்பாற்ற வேண்டுமானால் உள்ளே கட்டிவைப்பதுதான் வழி. 1959-இல் கேப்டன் சுந்தரம் சென்னையில் புளூ கிராஸைத் தொடங்கினார். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று அவர்கள் 1964-இலிருந்து சொல்லிவந்தார்கள். மாநகராட்சி காது கொடுக்க 1996 ஆயிற்று. அதற்குள் இரண்டு தலைமுறை நாய்கள் காம்பவுண்டுச் சுவருக்குள், ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகைக்குப் பின்னால், சங்கிலியில் வாழ்ந்து முடித்துவிட்டன.

சங்கிலியின் கொடுமையைச் சட்டம் கவனிக்காமல் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 11-ஆம் பிரிவு நாயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாயை நடக்கவிடாமல் அசட்டை செய்வது குற்றம். நடை, தீனி, தண்ணீர், நிழல் எல்லாம் சட்டத்தில் உண்டு. துணைக்கு ஆள் வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று 1960-இல் யாருக்கும் தோன்றியிருக்காது. எந்த வீட்டில் அப்போது ஆள் இல்லை?

நான் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தது 1980-களின் தொடக்கத்தில். பார்வோ வைரஸ் அப்போதுதான் உள்ளே வந்து குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது. டிஸ்டெம்பர், வெறிநோய், பார்வோ, குடற்புழு: நாய் என்றால் இவ்வளவுதான் பாடம். நாயின் மனசு என்று யாராவது வாயெடுத்திருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். மாடுதான் மருத்துவம், நாய் பணக்காரர் பொழுதுபோக்கு.

அந்தக் காலத்தில் சென்னையில் எல்லோரும் வளர்த்தது வெள்ளை பொமரேனியன். அது குரைத்துக்கொண்டே இருக்கும் ஜென்மம். ஆனாலும் தனியாக விட்டால் ஊளையிடுகிறது என்று ஒருவர்கூட அதைத் தூக்கிக்கொண்டு வந்ததாக நினைவில்லை. காரணம் எளிது. பாட்டி இருந்தாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனாலும் ரேடியோவும் பாட்டியும் வீட்டிலேயே இருந்தார்கள். பால்காரர், கீரைக்காரம்மா, பாத்திரம் தேய்க்க வருகிற பெண் என்று கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும். பாட்டிக்கு நாயைப் பிடிக்காது. தீட்டு என்று திட்டுவாள். திட்டும் குரல் காதில் விழுந்தாலே அந்த நாய்க்குப் போதுமாக இருந்தது.

பிறகு வீடுகள் உயரத் தொடங்கின. அடுக்குமாடிக் குடியிருப்புக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது 1994-இல். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலையின் முகமே மாறியது. 2003-இல் செல்போன் விளம்பரம் ஒன்றில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னாலேயே ஓடியது. ஊரெல்லாம் பக் கேட்டார்கள். எங்கு போனாலும் கூடவே வருகிற நாய் என்பதுதான் அந்த விளம்பரத்தின் சாரம். வாங்கியவர்களோ அதை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அதற்கப்புறம்தான் என் கிளினிக்குக்கு அந்தப் புகார் வரத் தொடங்கியது. வேளச்சேரியிலிருந்து ஓர் இளம் தம்பதி தத்தெடுத்த நாட்டு நாயைக் கூட்டிவந்தார்கள். செம்பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். “மேடம், நாங்க இருந்தா தங்கம். வெளிய போனா அசோசியேஷன் செகரட்டரி போன் பண்றாரு. சோபா, கதவு, ஷூ, ஒண்ணு விடல. எங்க மேல கோபமா?” என்றாள் அந்தப் பெண். முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு நகம் சதையோடு பிய்ந்திருந்தது. கோபத்தில் யாரும் தன் நகத்தைப் பிய்த்துக்கொள்வதில்லை.

பழைய செல்போன் ஒன்றை ஹாலில் வைத்துப் படம் எடுத்து வரச் சொன்னேன். பார்த்தோம். பூட்டுச் சத்தம் கேட்ட மறுகணம் நாய் கதவுக்குப் போகிறது. அடியிடுக்கில் மூக்கை வைத்து முகர்கிறது. அங்கிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து கதவு. மூச்சு இரைக்கிறது, எச்சில் ஒழுகித் தரையில் வட்டமாகத் தேங்குகிறது. வைத்துவிட்டுப் போன பிஸ்கட்டை மிதித்துக்கொண்டே நடக்கிறது. லிஃப்ட் நிற்கும் சத்தம் கேட்டால் உறைந்து நிற்கிறது; லிஃப்ட் வேறு மாடிக்குப் போனதும் தலையை நிமிர்த்தி ஊளை. இவ்வளவும் முதல் அரை மணிக்குள். வீடியோ பாதியில் இருக்கும்போதே அந்தப் பையன் எழுந்து வெளியே போய்விட்டான்.

இதற்கு அமெரிக்காவில் முன்னமே பிரிவுப் பதற்றம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பீட்டர் போர்ச்செல்ட், விக்டோரியா வாய்த் என்ற இருவர் 1982-இல் இதை அடையாளம் காண்பது, குணப்படுத்துவது பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1998-இல் புடாபெஸ்டில், கைக்குழந்தைகளுக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அறிய மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த சோதனையை நாய்களுக்கு வைத்துப் பார்த்தார்கள். நாய் கிட்டத்தட்டப் பிள்ளை போலத்தான் நடந்துகொண்டது. அதே ஆண்டு இறுதியில் குளோமிபிரமின் என்ற மனச்சோர்வு மருந்துக்கு, நாயின் பிரிவுப் பதற்றத்துக்குக் கொடுக்கலாமென அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. வெளிநாடுகளிலும் காரணம் இதுதான்: மனிதர்கள் வேலைக்குப் போக, வீடு காலியானது. நமக்கு அது இருபது வருஷம் தாமதமாக வந்தது.

வைத்தியம் என்று நான் சொல்வதில் மாயம் ஒன்றுமில்லை. சாவியை எடுங்கள், போகாதீர்கள், சோபாவில் உட்காருங்கள். பையை மாட்டுங்கள், டிவி பாருங்கள். சாவிச் சத்தத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகவேண்டும். பிறகு கதவுக்கு வெளியே பத்து எண்ணும்வரை நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். நாய் பதறும் முன்பே திரும்பிவிட வேண்டும். அங்கிருந்து மெல்ல மெல்ல நீட்டுங்கள். வந்து பார்த்தால் மெத்தை கிழிந்திருக்கிறதா? அடிக்காதீர்கள். எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. நீங்கள் வருவதற்கே அது பயந்துபோகும். முற்றிய நிலையில் மாத்திரையும் கொடுப்பேன், பயிற்சியோடு சேர்த்து மட்டும்.

அந்த வேளச்சேரி நாய்க்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் பலித்தது. ஒருநாள் கீழே இஸ்திரி போடும் பெரியவர், “பொம்பளப் புள்ள கேக்குதேன்னு பாத்தேன், நாயி! கொண்டாம்மா, எங்கூட கெடக்கட்டும்” என்றிருக்கிறார். நாளெல்லாம் அவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தது. ஊளை நின்றது. அதற்கு வேண்டியிருந்தது குறிப்பிட்ட அந்த இருவர் அல்ல. யாராவது ஓர் ஆள். எல்லா நாயும் இப்படியில்லை. ஒருவர்மேலேயே உயிரை வைத்திருக்கும் நாய்க்கு ஊரே கூடி நின்றாலும் ஆறாது. ஆனால் பிரிவுப் பதற்றம் என்று என்னிடம் வந்தவற்றில் கணிசமானவை தனிமைப் பதற்றம்தான். தாத்தா வீட்டு மணியை நான் நினைத்துக்கொண்டது அப்போதுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. குட்டி கேட்டுக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்தக் குட்டிகள் காலி வீட்டையே பார்க்காமல் வளர்ந்தன. ஆபீஸ்கள் திறந்தபோது அவற்றுக்கு உலகமே இடிந்தது. அந்த வருஷங்களைப் பற்றி இன்னும் எழுத இருக்கிறது, இங்கே வேண்டாம்.

இப்போது சோழிங்கநல்லூரிலும் துரைப்பாக்கத்திலும் நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடங்கள் வந்துவிட்டன. மாதச் சம்பளத்துக்கு நாயை நடக்கக் கூட்டிப் போகும் பையன்களும் இருக்கிறார்கள். துரை வீட்டுப் பையனின் வேலை நூறு வருஷம் கழித்து செல்போன் செயலி வழியாகத் திரும்பிவந்திருக்கிறது. இந்தப் பையன்களில் ஒருவன் போன மாதம் கிளினிக்குக்கு வந்து, “மேடம், மூணு லேப் ஒண்ணா கூட்டிட்டுப் போலாமா? ரேட்டு கட்டுப்படியாகல” என்று கேட்டான். ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றேன். நாய் கடித்தால் மருத்துவச் செலவு யார் தலையில் என்று கேட்டேன். அவன் தலையில்தானாம். முன்கூட்டியே போடும் வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றிச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரியில் போடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதற்கான பணத்தை மூன்று வீட்டுக்காரர்களிடமும் பிரித்துக் கேள் என்றும் சொன்னேன். ஒரு வீட்டில் மட்டும் கொடுத்தார்களாம்.