கணக்கில் ஏறாத வாடகை

சிரம்பானிலிருந்து தம்பினுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், ரெம்பாவ் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் பெடாஸ். மலாய் மொழியில் அப்பெயருக்குக் காரம் என்பது பொருள். வெந்நீர் ஊற்றினால் வெளியூரார்க்கு அறிமுகமான இவ்வூரின் ஒருபுறத்தில் நெல்வயல்களும் கம்பத்து வீடுகளும். மறுபுறத்தில் ரப்பர்த் தோட்டங்களும், அவற்றின் நடுவே வரிசை வரிசையாய் நின்ற லயங்களும். ஒரே மழையும் ஒரே வெயிலும் பெற்ற இவ்விரு பகுதிகளிலும் 'வீடு' என்ற சொல்லுக்கு இருந்த பொருள் மட்டும் வேறு வேறாக இருந்தது. நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரின் வரலாற்றை இவ்வேறுபாட்டிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

ரெம்பாவ், கோலப்பிலா, ஜெலுபு, தம்பின் ஆகிய பகுதிகளில் வாழும் மலாய் மக்கள் அடாட் பெர்ப்பாத்தே என்னும் தாய்வழி மரபைப் பின்பற்றுவோர். அம்மரபில் குலத்து நிலமும் வீடும் பெண்வழி இறங்குவன. தாயிடமிருந்து மகளுக்கே சேர்வன. 1909ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மரபுரிமை நிலச் சட்டம் இவ்வழக்கத்திற்கு எழுத்து வடிவம் தந்தது. அதன்படி, மரபு நிலம் என்று பதிவேட்டில் குறிக்கப்பட்ட நிலத்தை அந்தக் குலத்துப் பெண்களுக்கன்றிப் பிறருக்கு மாற்றிக்கொடுக்க இயலாது. கணவன் மாண்டாலும், மணமுறிவு நேர்ந்தாலும், விளைச்சல் பொய்த்தாலும் அப்பெண்ணின் தலைக்குமேல் ஒரு கூரை நிலைத்து நின்றது.

வயலைத் தாண்டி நின்ற லயத்தில் நிலைமை நேர்மாறு. கணவன் இறந்தபின் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்ய இயலாத கைம்பெண்ணுக்கு அங்கு இடமில்லை. ஐம்பத்தைந்து வயதில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட முதியவருக்கும், தோட்ட வேலையை விட்டுப் பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போன மகனுக்கும் இல்லை. செக்ரோலில் பெயர் இருக்கும்வரைதான் கதவு திறக்கும். ஒரே மாவட்டத்தில், ஒரே ஆட்சியின்கீழ், ஒரு பெண்ணுக்குச் சட்டம் வீட்டை உறுதிசெய்த அதே காலத்தில், பால்மரம் வெட்டிய இன்னொரு பெண்ணுக்கு வீடு அவளுடைய இரண்டு கைகளின் வலிமையையே நம்பி நின்றது.

இந்த லயங்கள் எவ்வாறு தோன்றின? ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பின்னரும் கங்காணி முறை வழியாகத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை அது நின்றபாடில்லை. வந்தவர்களைக் குடிவைக்க எழுப்பப்பட்டவையே லயங்கள். பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான அறைகள், முன்னால் ஓர் அஞ்சடி, பின்னால் பொதுக் குழாய். விடியுமுன் பெரட்டுக்குக் கூப்பிட்டால் ஆட்கள் உடனே கூட வேண்டும். அதற்கு ஏற்ற தொலைவில் வீடுகள் அமைந்தன. குடும்பம் வாழ்வதற்கான இடம் என்பதைவிட, தொழிலாளரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் ஏற்பாடு என்பதே அதன் இயல்பு.

தோட்டத்து வீடு வாடகையில்லாத வீடு என்று சொல்வதுண்டு. இக்கூற்றைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். காசாக வாடகை வாங்கப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் தோட்டத் தொழிலாளியின் கூலி குறைவாக இருந்ததற்கு வீடும் தண்ணீரும் மருத்துவமும் இலவசம் என்பதே பல காலம் நியாயமாகக் காட்டப்பட்டது. அப்படியாயின் அவன் வாடகை செலுத்தியவனே. கூலிக்குள்ளேயே கழித்துக்கொள்ளப்பட்ட வாடகை அது. தாத்தா செலுத்தினார், அப்பா செலுத்தினார், மகன் செலுத்தினான். மூன்று தலைமுறையாகச் செலுத்திய அவ்வாடகை எந்தப் பேரேட்டிலும் வரவாக ஏறவில்லை.

வாடகைக் கொள்முதல் என்னும் முறையின் உட்பொருள் இவ்விடத்தில்தான் விளங்கும். குடியிருப்பவர் மாதந்தோறும் செலுத்தும் தொகையில் ஒரு பகுதியோ முழுமையோ வீட்டின் விலையில் கழிக்கப்படுகிறது. குறித்த ஆண்டுகள் முடிந்ததும் வீடு அவர் பெயருக்கு மாறுகிறது. முன்பணமாகப் பெருந்தொகை திரட்ட இயலாத உழைப்பாளிக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை. தமிழகத்தில் 1961இல் தோன்றிய வீட்டுவசதி வாரியம் இம்முறையில் வீடுகளை ஒதுக்கியது. சிங்கப்பூரில் 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், முதலில் வாடகை வீடுகளைக் கட்டியது. 1964இல் சொந்த வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1968இல் தொழிலாளர் தம் சேமநிதியைக் கொண்டே தவணை கட்டலாம் என்று வழிசெய்தது. மலேசியாவிலும் மாநில அரசுகள் கட்டிய மலிவு வீடுகள் சில 'சேவா பெலி' என்ற பெயரில் இவ்வாறே கொடுக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளியும் தவணை முறையை அறியாதவனல்லன். மிதிவண்டியையும் தையல் இயந்திரத்தையும் வானொலிப் பெட்டியையும் மாதத் தவணையில் வாங்கிச் சொந்தமாக்கிக் கொண்டவன்தான். மிதிவண்டிக்குக் கிடைத்த வழி வீட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

தவணை கட்டும் மனமும் திறனும் அவனிடம் இருந்தன என்பதற்குப் பெருஞ்சான்று ஒன்றுண்டு. 1950களில் வெள்ளைக்காரத் தோட்ட நிறுவனங்கள் பல தம் நிலங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இக்கொடுமையில் வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோயின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். இந்நிலையில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டந்தோட்டமாகச் சென்று அவர் பேச, பால்வெட்டுத் தொழிலாளரும் புல்வெட்டிய பெண்களும் மாதம் பத்துப் பத்தாகக் கட்டினர். அப்பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் வேறு பல தோட்டங்களும் சேர்ந்தன.

இம்முயற்சி மலேசியத் தமிழர் வரலாற்றில் ஒரு பொன்னேடு என்பதில் ஐயமில்லை. எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூட்டுறவு காப்பாற்றியது தோட்டத்தையும் வேலையையும். லயத்து அறைக்குத் தனிப்பட்டா அதனால் பிறக்கவில்லை. தொழிலாளி தோட்டத்தின் பங்குதாரனாக உயர்ந்தான். தான் உறங்கிய அறைக்கோ உரிமையாளனாகவில்லை. பத்து வெள்ளித் தவணையில் ஆயிரக்கணக்கான ஏக்கரை வாங்க முடிந்த மக்களுக்கு, அதே முறையில் ஆளுக்கொரு மனை என்னும் அடுத்த படி அமையாமற்போயிற்று.

தொழிற்சங்கமும் வாளாவிருக்கவில்லை. நெகிரி செம்பிலான் தொழிலாளர் இயக்கத்தில் உருவாகி எழுந்த பி. பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் முதன்மைத் தலைவரானார். கூலியும் வீட்டு வசதியும் அச்சங்கத்தின் நீங்காத கோரிக்கைகள். 1966ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்தன. வீடு நல்ல வீடாக இருக்க வேண்டும் என்றன இச்சட்டங்கள். அது யாருடைய வீடு என்னும் வினாவை அவை தொடவில்லை.

அவ்வினாவைத் தொட்டது 1970களில் துன் அப்துல் ரசாக் பிரதமராயிருந்த காலத்தில் பேசப்பட்ட தோட்டத் தொழிலாளர் சொந்த வீட்டுத் திட்டம். தோட்டத்தின் ஓரத்தில் நிறுவனம் சிறிது நிலம் ஒதுக்க, அதில் வீடு கட்டித் தொழிலாளிக்கு உரிமையாக்குவது அதன் நோக்கம். நாடெங்கும் சில தோட்டங்களில் இது நடந்தது, பெரும்பாலானவற்றில் நடக்கவில்லை. ஏன் என்பதை ஆராய்வது மாணவர்க்குப் பயன்தரும்.

நிலச் சட்டம் முதல் தடை. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி வேளாண் நிலத்தை ஓர் ஏக்கருக்கும் குறைவான துண்டுகளாகப் பிரித்துத் தனிப்பட்டா வழங்குதல் பொதுவாக இயலாது. ஆயிரம் ஏக்கர் தோட்டத்தில் நிற்கும் ஒரு லயத்து வீட்டை, அது நிற்கும் மண்ணோடு தனியே விற்க வேண்டுமானால், முதலில் அம்மண் வேளாண் வகையிலிருந்து கட்டட வகைக்கு மாற்றப்பட வேண்டும். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தொழிலாளர் நலச் சட்டமோ கூட்டரசின் கையில். கூட்டரசு அறிவித்தாலும் மாநிலம் இசைய வேண்டும். இரண்டும் இசைந்தாலும் நிறுவனம் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நிறுவனம் தயங்கியதற்குக் காரணம் உண்டு. வீடு தொழிலாளியின் சொத்தாகிவிட்டால் அவன் நாளையே வேறு வேலைக்குப் போகலாம். வீடு திரும்ப வராது. புதிய தொழிலாளிக்குப் புதிய வீடு கட்ட வேண்டும். எந்தச் சங்கிலி வேலையையும் வீட்டையும் பிணைத்ததோ, அதை முதலாளி தானே அறுப்பார் என்று எதிர்பார்த்ததே அத்திட்டத்தின் பெருங்குறை.

குடியுரிமையும் குறுக்கே நின்றது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த தோட்டத் தமிழர் பலர் வேலை இழந்தனர், பல்லாயிரவர் கப்பலேறினர். எஞ்சியோருக்கும் அரசு மலிவு வீட்டிற்கு விண்ணப்பிக்கும் தகுதி அவ்வட்டையால் எட்டாக்கனியாயிற்று.

1980களின் தொடக்கத்தில் மலிவு வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என்று அரசு வரையறுத்தது; தனியார் வீடமைப்புகளில் 30 விழுக்காடு அத்தகையனவாக இருக்க வேண்டும் என்ற கொள்கையும் வந்தது. ஏறத்தாழ அதே வேளையில், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளிக்கு, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட பணியாயின், ஆண்டுக்கு இருபது நாள் ஊதியம் இழப்பீடாக உரித்தானது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய ஒருவருக்கு அறுநூறு நாள் ஊதியம். நாளொன்றுக்குப் பத்து வெள்ளி என்று கொண்டால் ஆறாயிரம் வெள்ளி. மிக மலிவான வீட்டின் விலையில் அது கால்பங்கும் இல்லை. ஐம்பதைக் கடந்தவருக்கு மீதித் தொகையை எந்த வங்கி கடனாகக் கொடுக்கும்? தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு நிலமானபோது, அந்நிலத்தில் எழுந்த வீட்டையே அங்கு வாழ்ந்தவரால் வாங்க இயலாத நிலை இவ்வாறுதான் உண்டாயிற்று.

வேறொரு கணக்கும் போடலாம். 1998க்குப் பின் கட்டப்பட்ட மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 வெள்ளி. அத்தொகையை வட்டியின்றி விலையில் கழித்தால், 25,000 வெள்ளி வீடு பதினேழு ஆண்டுகளில் குடியிருப்பவருக்குச் சொந்தமாகியிருக்கும். தோட்டத்தில் முப்பது நாற்பது ஆண்டு உழைத்தவர் கேட்டிருக்கக்கூடியது இந்தப் பதினேழு ஆண்டுக் கணக்கைத்தான். இலங்கை மலையகத்தில் லயன் அறைகளில் வாழ்ந்த நம்மவர் ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு தனிவீடும் உறுதிப் பத்திரமும் கேட்டுப் போராடியதும் இதே அறத்தின் அடிப்படையில்தான்.

பின்வந்த திட்டங்கள் பெரும்பாலும் வேறு வகுப்பாரை நோக்கின. 2012இல் தோன்றிய பிரிமா வீடுகளுக்குத் தொடக்கத்தில் குடும்ப மாத வருமானம் குறைந்தது 2,500 வெள்ளி வேண்டும் என்றிருந்தது. தீபகற்பத்தில் 2013இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியமோ 900 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் உழைத்தாலும் வாசற்படிக்கே எட்டாத தொலைவு அது. வாடகைக் கொள்முதல் என்னும் பெயரில் வங்கிகள் அண்மையில் தொடங்கிய ஏற்பாடுகளும் நிலையான சம்பளச் சீட்டு உள்ள நகரத்து இளைஞருக்கே ஏற்றவை.

தோட்டத் தொழிலாளரையே பெயர் சுட்டி வந்த திட்டம் ஒன்றுண்டு. 2010 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளர் மலிவு வீடு வாங்க 5 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. பேங்க் சிம்பானான் நேஷனல் வழியாக, நான்கு விழுக்காடு வட்டியில், நாற்பது ஆண்டுகள்வரை திருப்பிச் செலுத்தும் கடன் அது. தந்தை தொடங்கிய தவணையை மகனோ மகளோ தொடரலாம். அதற்குள் ரப்பர் மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டிருந்தன. நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிரம்பானிலும் செனவாங்கிலும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டிருந்தனர். லயங்களில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் நேப்பாளியரும் குடியேறியிருந்தனர். அவர்களுக்கும் செக்ரோலில் பெயர் இருக்கும்வரைதான் கதவு திறந்திருக்கிறது.