கல்மாலை ஒரு நகையாக இருந்திருந்தால்

மாற்று வரலாறு எழுதுவோர் ஒரு போரின் முடிவை மாற்றிவிட்டு, அந்த நாட்டில் பெண்கள் என்ன உடுத்தியிருப்பார்கள் என்று கற்பனை செய்வார்கள். நாம் போரை மாற்ற வேண்டியதில்லை, தோழர்களே. ஓர் அரசாணையை மாற்றினால் போதும்.

1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு, நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்றது; ஆனால் ஆதிக்கச் சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் கூடாது என்றது. துணியைத் தந்தவர்கள் பாணியைத் தரவில்லை. புலையர் பெண்களுக்கு அந்த ஆணையில் துணியும் இல்லை. அவர்கள் கழுத்தில் கல்மாலை, சாதியின் அடையாளமாகவே கிடந்தது. 56 ஆண்டுகள் கழித்து, 1915இல், பெரிநாட்டில் குடிசைகள் எரிந்த பிறகு, அய்யன்காளி கூட்டிய கொல்லம் கூட்டத்தில் பெண்கள் அதை அறுத்து எறிந்தார்கள்.

எவரும் எதையும் உடுக்கலாம், அணியலாம் என்று 1859லேயே எழுதியிருந்தால்? அந்த மாலையை அறுத்திருக்கவே வேண்டாம். வேண்டியவள் போட்டிருப்பாள், வேண்டாதவள் பெட்டியில் வைத்திருப்பாள். ரவிக்கையின் நிறத்துக்கேற்ற கல்லைத் தேடிச் சந்தையில் பேரம் பேசியிருப்பார்கள். ஆதிக்கச் சாதி வீட்டுப் பெண்ணும் ஆசைப்பட்டு ஒன்று கேட்டிருப்பாள். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நடந்த வரலாற்றில், எந்தப் பாட்டி தன் பேத்திக்கு அதைக் கோக்கச் சொல்லித்தந்திருப்பாள்?