சரக்குக்குக் கணக்கு உண்டு, ஆளுக்கு?

எங்கள் காட்டூர் வழியே போகும் தஞ்சாவூர்ச் சாலை நாகப்பட்டினம் கடற்கரை வரை நீள்கிறது. அந்தக் கடலில் நம் மீனவர் படகு இலங்கையிடம் பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் 1794-இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே கையெழுத்தான ஜே ஒப்பந்தமும், 2012-இல் எழுந்த ‘என்ரிகா லெக்சி’ வழக்கும் எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

அன்று பிரான்சோடு போரிட்ட பிரிட்டன், கரீபியன் கடலில் 250-க்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்தது. அமெரிக்க அதிபர் வாஷிங்டன் போருக்குப் போகவில்லை. தலைமை நீதிபதி ஜான் ஜேயை லண்டனுக்கு அனுப்பினார். ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு ஐவர் ஆணையம் ஒன்றை அமைத்தது. நாட்டுக்கு இருவர், ஐந்தாமவர் பற்றி உடன்பாடு இல்லையென்றால் திருவுளச்சீட்டு. நம் குடவோலையை அறிந்தவர்களுக்கு இது விந்தையாக இராது. நீதிமன்றத்தில் பரிகாரம் கிட்டாத வணிகர் ஆணையத்திடம் முறையிடலாம். அமெரிக்கத் துறைமுகங்களில் ஆயுதமேற்றிய கப்பல்களிடம் சரக்கை இழந்த பிரிட்டன் வணிகருக்கும் அதே உரிமை இருந்தது. 1804-இல் பணி முடிந்தபோது அமெரிக்க வணிகர்களுக்குக் கிடைத்த இழப்பீடு ஒரு கோடி டாலருக்கு மேல்.

ஆனால் அமெரிக்கக் கப்பல்களிலிருந்து மாலுமிகளை இழுத்துப்போய்ப் பிரிட்டன் கடற்படையில் கட்டாய வேலை வாங்கியது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. 1807-இல் ‘லெப்பர்டு’ போர்க்கப்பல் ‘செசபீக்’ மீது சுட்டு நால்வரைக் கொண்டுபோனது. 1812-இல் போரே மூண்டது.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் ‘என்ரிகா லெக்சி’ கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் இரு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் குமரி மாவட்டத்து இளைஞர். ஹேக் நகர நடுவர் மன்றமும் ஐவரைக் கொண்டதுதான். படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியதென 2020-இல் அது தீர்ப்பளித்தது. சுட்டவர்களுக்கோ அரசு அதிகாரிகள் என்ற விலக்குரிமை கிடைத்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் கொடுத்தது. இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி எனப் பிரித்து, 2021-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. ரோமில் நடந்த விசாரணையும் 2022-இல் கைவிடப்பட்டது. ஆளைச் சுட்டதற்கு யார் பொறுப்பு என்று எந்தக் குற்றவியல் நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஜே விட்ட இடமும் இதுதான்.

ஆனாலும் அந்த 7-ஆம் பிரிவின் மேல் எனக்குப் பொறாமை உண்டு. பாக் நீரிணையில் படகை இழக்கும் ராமேசுவரத்தாருக்கும், நம் இழுவைமடிப் படகுகளால் வலை கிழியும் யாழ்ப்பாணத்தாருக்கும் சேர்ந்து முறையிட ஒரு பொது ஆணையம் இல்லை. இருபுறமும் முறையிடுவோர் தமிழர், மொழிபெயர்ப்பாளர்கூட வேண்டியதில்லை.